அலைகளால் வலை பின்னியவர்: விக்ரம் சாராபாய்

களமசேரியை அடுத்து, பெரியாற்றின் இரு கிளைகளுக்கு நடுவே ஒரு தீவு கிடக்கிறது. அதன் பெயர் ஏலூர். உத்தியோகமண்டல் என்றால் இன்னும் பலருக்குப் புரியும். சர் சி. பி. இராமசாமி ஐயர் திருவிதாங்கூரின் திவானாக இருந்த நாளில் அங்கே உர ஆலை தோன்றியது. அதன் பின்னர் இரசாயன ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் கொல்லத்துக் கடற்கரையிலும் அள்ளப்பட்ட மோனசைட் மணலைப் பிரித்தெடுக்கும் அருமண் ஆலையும் 1952-ஆம் ஆண்டில் அங்கேயே எழுந்தது. இன்று அத்தீவில் நடந்து செல்பவர் கண்ணில் படுபவை இரும்புத் தொட்டிகள், வானளாவிய புகைபோக்கிகள், தலைக்கு மேல் கொத்துக் கொத்தாக ஓடும் குழாய்கள்.

மின்னணுவியல் பயிலும் நண்பர்களுக்கு இப்படிப்பட்ட ஓர் இடத்தைக் காட்டி ஒரு கணக்குக் கொடுக்கலாம். வளாகம் முழுவதும் கம்பியில்லாத் தொடர்பு வேண்டும். நிலையங்களை எங்கெங்கே நிறுத்துவீர்? கேள்வி எளிதாகத் தோன்றும். ஆனால் அலை இரும்பில் பட்டால் திரும்பிவிடும். கம்பி பொதிந்த காங்கிரீட்டுச் சுவரில் நுழைந்தால் பாதி உயிர் போய்விடும். தொட்டியின் பின்புறம் நிழல் விழும். நிலையங்களைக் குறைத்தால் இருண்ட மூலைகள் மிஞ்சும். கூட்டினால் ஒன்றின் பேச்சில் மற்றொன்று குறுக்கிடும், செலவும் ஏறும். ஆகவே கணக்குப் போடுமுன் வரைபடத்தை எடுத்துக்கொண்டு வளாகம் முழுவதும் நடக்க வேண்டும். எங்கே ஆள் நெருக்கம், எங்கே ஓரிருவர் மட்டும், யாருக்கு என்ன தேவை என்று கேட்க வேண்டும்.

இதே கணக்கை ஒருவர் முப்பத்திரண்டு இலட்சம் சதுர கிலோமீட்டருக்குப் போட்டார். அவருக்கு வளாகம் இந்திய நாடு. அவர் கேட்டுக்கொண்ட கேள்வி ஐந்தரை இலட்சம் சிற்றூர்களைப் பற்றியது. ஏலூரின் அருமண் ஆலை உள்ளிட்ட அணுசக்தித் துறை முழுவதையும் ஐந்தாண்டுக் காலம் தலைமை தாங்கி நடத்தியவரும் அவரே. அவர் விக்ரம் சாராபாய்.

1919 ஆகஸ்ட் 12-இல் அகமதாபாத்தில் பெரும் நெசவாலைச் செல்வர் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை அம்பாலால், தாய் சரளாதேவி. பெற்றோர் தம் எட்டுக் குழந்தைகளுக்காக வீட்டிலேயே ஒரு பள்ளியை அமைத்தனர். காந்தியடிகளும் தாகூரும் அறிந்த வீடு அது. பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று, செயிண்ட் ஜான் கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்று, 1940-இல் தேறினார். போர் மூண்டிருந்ததால் நாடு திரும்பினார். பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் சேர்ந்து காஸ்மிக் கதிர்களை ஆராயத் தொடங்கினார். வான்வெளியிலிருந்து இடைவிடாது பொழியும் அக்கதிர்கள் நாளுக்கு நாள், வேளைக்கு வேளை எப்படி மாறுகின்றன என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். காசுமீரத்து மலைகளுக்கும் கருவிகளைக் கொண்டு சென்றார். போர் முடிந்தபின் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று 1947-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

தமிழ் மாணவர்களாகிய நமக்கு இங்கே இரண்டு உறவுகளைச் சொல்லவேண்டும். 1942-இல் அவர் மணந்த மிருணாளினி, சென்னை வழக்கறிஞர் சுவாமிநாதனின் மகள்; ஐ.என்.ஏ. படையின் கேப்டன் இலட்சுமியின் தங்கை. பரதநாட்டியத்தில் பெயர் பெற்றவர். மற்றோர் உறவு ஆய்வுக்கூடத்து உறவு. 1947 நவம்பரில் அகமதாபாத்தில் ஒரு கல்லூரியின் சில அறைகளில் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றைச் சாராபாய் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. கூடத்தின் முதல் இயக்குநராக அவர் தம்மை அமர்த்திக்கொள்ளவில்லை. பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த, இராமனின் மாணவரான வானிலை அறிஞர் கே. ஆர். இராமநாதனை அழைத்து அமர்த்தினார். பணமும் தம் குடும்பத்துடையது, எண்ணமும் தம்முடையது என்றிருக்கும்போது நாற்காலியை மூத்தவருக்கு ஒதுக்குவது எல்லாராலும் இயல்வதன்று.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அவர் தொடங்கியவற்றைப் பட்டியலிட்டால் ஏடு நிறைந்துவிடும். நெசவாலைகளுக்கான ஆராய்ச்சிச் சங்கம், மருந்து ஆலைகள், சந்தை ஆய்வு நிறுவனம், 1961-இல் அகமதாபாத்து மேலாண்மைக் கழகம். ஒருவர் இத்தனையைத் தொடங்கினால் எதையாவது அரைகுறையாக விடுவார் என்று ஐயுறுவது இயல்பு. அவ்வாறு ஐயுற்றவர்கள் அந்நாளிலும் இருந்தனர். ஆனால் இவை எல்லாவற்றிலும் ஒரு பழக்கம் அவருக்குப் படிந்தது. கருவியைப் பார்க்குமுன் அதைப் பயன்படுத்தப்போகிறவர்களை எண்ணிப் பார்க்கும் பழக்கம் அது. பின்னாளில் வானலைக் கணக்கில் அவருக்குக் கைகொடுத்ததும் அதுவே என்பது என் கருத்து.

1962-இல் விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு அமைந்தபோது சாராபாய் அதன் தலைவரானார். ராக்கெட்டு ஏவ இடம் தேடினர். பூமியின் காந்த நடுக்கோடு திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா வழியாகச் செல்கிறது. அக்கோட்டுக்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகலில் ஒரு மின்னோட்டம் ஆறு போல ஓடுகிறது. அதை ஆராய அதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. ஆனால் அந்த இடம் வெறும் மணல்வெளி அன்று. அங்கே மீனவர் குடும்பங்கள் வாழ்ந்தன. மரி மகதலேனாள் தேவாலயம் இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா மக்களிடம் எடுத்துச் சொன்னார்; மக்களும் இசைந்தனர். நூல்கள் இச்செய்தியை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. வலை உலர்த்தும் மணலையும், தோணி கரையேறும் துறையையும், முன்னோரைப் புதைத்த இடத்தையும் விட்டுப் போனவர்களுக்கு அது ஒரு வரிச் செய்தியாக இருந்திராது. நம் விண்வெளிக் கணக்கின் முதல் வரவு அம்மக்கள் கொடுத்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே மேலே படிப்போம்.

தேவாலயம் அலுவலகமாயிற்று. ராக்கெட்டின் உறுப்புகள் மிதிவண்டியில் சென்றன. இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாம் அங்கே பணியாற்றியவர்களுள் ஒருவர். 1963 நவம்பர் 21-இல் அமெரிக்காவிலிருந்து வந்த நைக்-அப்பாச்சி ராக்கெட்டு, பிரெஞ்சுக்காரர் தந்த சோடியம் ஆவிக் கருவியைச் சுமந்து மாலை வானில் ஏறியது. ஏழை நாட்டுக்கு இது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. சாராபாயும் அக்கேள்வியை ஒதுக்கித் தள்ளவில்லை. நிலவுக்குச் செல்வதிலும் கோள்களை ஆராய்வதிலும் வல்லரசுகளோடு போட்டியிடும் ஆசை நமக்கில்லை என்றும், மக்களின் அன்றாடத் தேவைகளுக்கு உயர்ந்த தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதில் நாம் பின்தங்கலாகாது என்றும் விளக்கினார்.

அந்த அன்றாடத் தேவைகளுள் அவர் முதலில் எடுத்துக்கொண்டது தொலைக்காட்சி. இதைக் கேட்டுச் சிலர் புன்னகை செய்யலாம். அந்நாளின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். 1959-இல் தில்லியில் தொடங்கிய தொலைக்காட்சி, 1972-இல் பம்பாய்க்குப் போகும்வரை தில்லியிலேயே இருந்தது. நாட்டின் மிகப் பெரும்பாலோர்க்கு எழுத்தறிவில்லை. புதிய நெல் வித்தையும் குடும்பநலத்தையும் கற்றுக்கொடுக்க ஆசிரியர் போதவில்லை. படிக்கத் தெரியாதவனும் பார்த்துக் கற்கலாமே என்பது சாராபாயின் எண்ணம்.

இனித்தான் கணக்கு வருகிறது. வானொலியின் சிற்றலை மேலே சென்று அயனி மண்டலத்தில் பட்டு வளைந்து திரும்பி நெடுந்தொலைவில் இறங்கும். அதனால் ஒரு நிலையத்தைக் கொண்டே பல மாநிலங்களை எட்டலாம். தொலைக்காட்சியின் அலைக்கு அந்த வசதி இல்லை. அது அயனி மண்டலத்தை ஊடுருவிக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். தரையில் அது கண்பார்வை செல்லும் தொலைவே செல்லும். நூறு மீட்டர் உயரக் கோபுரம் கட்டினால் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். அதற்கப்பால் பூமியின் வளைவே மறைத்துவிடும்.

நாற்பது கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ ஐயாயிரம் சதுர கிலோமீட்டர். நாட்டின் பரப்பை அதனால் வகுத்தால் அறுநூற்றைம்பது வட்டங்கள் வரும். ஆனால் வட்டங்களை இடைவெளியின்றி அடுக்க முடியாது. ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறியே ஆகவேண்டும். அப்படி அடுக்கினால் எண்ணூற்றை எட்டும். இது சமவெளிக் கணக்கு. நீலகிரியும் விந்தியமும் இமயமும் குறுக்கே நிற்பதைச் சேர்த்தால் எண்ணிக்கை எங்கே போய் நிற்கும் என்பதை நண்பர்களே ஊகித்துக்கொள்ளலாம். அத்தனை கோபுரங்களுக்கும் நிகழ்ச்சியைக் கொண்டுசேர்க்க நுண்ணலைத் தொடர் வேறு வேண்டும். பல பத்தாண்டுப் பணி அது. அதிலும் ஒரு சூழ்ச்சி ஒளிந்திருக்கிறது. கோபுரங்கள் ஒவ்வொன்றாக எழும்போது முதலில் எழுவது எங்கே? தலைநகரில், பின்பு துறைமுக நகரில், பின்பு மாவட்டத் தலைநகரில். கடைசிச் சிற்றூருக்கு முறை வருவதற்குள் ஒரு தலைமுறை கழிந்துவிடும். எவருக்கு மிகவும் தேவையோ அவருக்கே மிகவும் பிந்திக் கிடைக்கும். யாரும் தீய எண்ணத்தோடு செய்வதன்று இது. கோபுரத்தின் இயல்பு அப்படி.

இதற்கு மாற்று முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. நிலநடுக்கோட்டுக்கு மேலே அவ்வுயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள், பூமியோடு ஒத்த வேகத்தில் சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும். இதனை 1945-இலேயே எழுதியவர் ஆர்தர் கிளார்க். பின்னாளில் கொழும்பில் குடியேறியவர். அங்கிருந்து பார்த்தால் இந்தியா முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும். தில்லிக்கும் கடைக்கோடிச் சிற்றூருக்கும் தொலைவில் வேற்றுமை இல்லை. சாராபாயைக் கவர்ந்தது இந்தச் சமத்துவமே.

ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. நாற்பது கிலோமீட்டருக்கும் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டருக்கும் இடையே தொள்ளாயிரம் மடங்கு வேற்றுமை. அலையின் வலிமை தொலைவின் இருபடிக்கு ஏற்பக் குறையும்; ஆகவே எட்டு இலட்சம் மடங்கு மெலிந்து வரும். அந்த மெலிந்த அலையைப் பிடிக்கப் பெரிய குடை வேண்டும். அகமதாபாத்தில் 1967-இல் ஐ.நா. உதவியோடு சாராபாய் அமைத்த சோதனைத் தரைநிலையத்தின் குடை பதினான்கு மீட்டர் அகலம். அதை ஊருக்கொன்று வைக்க எந்த அரசாலும் ஆகாது. பெருமையை மேலே வைப்பதா, கீழே வைப்பதா என்பதே சிக்கல். கோளின் குடையைப் பெரிதாக்கி, ஆற்றலைக் கூட்டிவிட்டால் சிற்றூரின் குடை சிறுக்கும். மேலே இருப்பது ஒன்று. கீழே இருப்பவை இலட்சக்கணக்கானவை. எங்கே செலவழிப்பது அறிவு என்பது குழந்தைக்கும் விளங்கும்.

அப்படியானால் கோபுரமே வேண்டாவா? சாராபாயின் குழுவினரும் அமெரிக்க வல்லுநரும் 1960-களின் இறுதியில் சேர்ந்து செய்த ஆய்வுகள் இரண்டும் கலந்த வழியே மலிவானது என்று கண்டன. ஒரு வட்டத்துக்குள் இருக்கும் பெட்டிகளின் எண்ணிக்கையை, ஒவ்வொரு பெட்டிக்கும் குடை வைக்க ஆகும் கூடுதல் செலவால் பெருக்குங்கள். அத்தொகை ஒரு கோபுரத்தின் செலவை மிஞ்சினால் கோபுரம் கட்டுங்கள். மிஞ்சாவிட்டால் குடையை வையுங்கள். நெருக்கமான நகரத்துக்குக் கோபுரம், சிதறிய சிற்றூருக்குக் கோள். ஏலூர் வளாகத்தில் ஆள் நெருங்கிய கூடத்துக்குத் தனி நிலையமும், ஆற்றோரம் தனியே நிற்கும் நீரேற்று அறைக்குத் தொலைவிலிருந்து நீட்டிய ஒரு கையும் போதும் என்று நாம் முடிவு செய்வோமே, அதே முறைதான்.

கணக்கோடு அவர் நின்றுவிடவில்லை. நடந்து பார்க்க வேண்டும் அல்லவா? 1967 ஜனவரி 26-இல் தில்லியைச் சுற்றியிருந்த எண்பது சிற்றூர்களில் பொதுவிடத்தில் பெட்டிகளை வைத்து, உழவர்க்கான நிகழ்ச்சி தொடங்கப்பட்டது. கிருஷி தர்ஷன் என்பது அதன் பெயர். பெட்டி கெட்டால் திருத்துபவர் யார், எத்தனை பேர் கூடுகின்றனர், பார்த்ததை வயலில் செய்கின்றனரா என்ற செய்திகளெல்லாம் அதிலிருந்து கிடைத்தன. 1969 ஆகஸ்ட் 15-இல் இஸ்ரோ பிறந்தது. அதற்கு அடுத்த மாதமே, அணுசக்தித் துறைக்கும் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அமெரிக்கரின் கோள் ஒன்றை ஓராண்டுக்கு நம் சிற்றூர்களுக்காகத் திருப்பித் தருவார்கள். தரைக் கருவிகளும் நிகழ்ச்சிகளும் முழுக்க முழுக்க நம்முடையவை. கோள் அவர்களுடையது, பெட்டி நம்முடையது என்ற இந்தப் பங்கீட்டில் சாராபாய் உறுதியாக இருந்தார். இரவல் கோளைத் திருப்பிக் கொடுத்தாலும் கற்ற தொழில் நம்மிடம் நிற்கும்.

1966 ஜனவரியில் ஹோமி பாபா விமான விபத்தில் மாண்டதிலிருந்து அணுசக்திக் குழுவின் தலைமையும் சாராபாயின் தோளில் விழுந்திருந்தது. பம்பாய், அகமதாபாத், தும்பா, தில்லி என்று ஓயாது பறந்தார். 1971 டிசம்பர் இறுதியில் தும்பாப் பணிகளைப் பார்க்க வந்தவர் கோவளத்தில் தங்கினார். 30-ஆம் நாள் அங்கேயே மறைந்தார். வயது ஐம்பத்திரண்டு.

அவர் காணாத காட்சி 1975 ஆகஸ்ட் 1-இல் தொடங்கியது. ஒன்பது மீட்டர் அகலக் குடையை விரித்துக்கொண்டிருந்த ஏ.டி.எஸ்-6 என்னும் கோள், ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரிக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தப்பட்டது. ஆந்திரம், கருநாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், இராசத்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2400 சிற்றூர்களில் பெட்டிகள் நின்றன. குடை என்ன தெரியுமா? கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலை! மூன்று மீட்டர் அகலத்தில் அதை வளைத்துக் கட்டியிருந்தனர். அந்த அலைநீளத்துக்கு வலையின் கண்கள் மிகச் சிறியவை. ஆதலால் வலையும் திண்ணிய தகடு போலவே அலையைத் திருப்பும். காற்றோ கண்கள் வழியே புகுந்து போய்விடும், குடை சாயாது. ஊர்களை நாடெங்கும் தூவாமல் கொத்துக் கொத்தாகத் தேர்ந்தனர். பழுது பார்ப்பவர் சென்று வரவேண்டுமே. ஒரு படத்தோடு இரண்டு ஒலிகளை அனுப்பும் வசதியும் இருந்தது. ஒரே படத்தைத் தெலுங்கர் தெலுங்கிலும் கன்னடியர் கன்னடத்திலும் கேட்க முடிந்தது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியோர்க்கு. கொழும்பில் கிளார்க் வீட்டு மாடியிலும் இஸ்ரோ பொறியாளர்கள் ஒரு குடையை நிறுத்தினர்.

அந்த ஆறு மாநிலங்களுள் தமிழ்நாடு இல்லை. அதே ஆகஸ்ட் மாதத்தில் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. ஆனால் அது கோபுரத்தின் வழியே வந்தது. மயிலாப்பூரும் மாம்பலமும் படம் பார்த்தன. திருநெல்வேலிச் சீமை காத்திருந்தது. கோபுரத்தின் இயல்பைப் பற்றி மேலே சொன்னதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

1976 ஜூலை 31-இல் ஓராண்டு முடிந்தது. ஒப்பந்தப்படி கோள் மேற்கு நோக்கித் திரும்பிப் போயிற்று. குல்பர்கா, ராய்ப்பூர் போன்ற சில இடங்களில் அடுத்த ஆண்டு தரை நிலையங்கள் எழுந்து, அருகிலிருந்த ஊர்களைக் காப்பாற்றின. எட்டாத ஊர்களில் பெட்டி இருந்தது, கம்பிவலைக் குடை இருந்தது, படம் இல்லை. ஓராண்டு கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டது சரியா என்று கேட்டால் என்னால் விடை சொல்ல முடியவில்லை. சோதனை என்று முன்பே சொல்லித்தான் தொடங்கினார்கள். ஆயினும் மாலையில் திண்ணையில் கூடிய பிள்ளைகளுக்குச் சோதனை என்ற சொல் எப்படி விளங்கியிருக்கும்?

நமக்கே உரிய இன்சாட் 1-ஏ 1982-இல் மேலே சென்று சில மாதங்களில் செயலிழந்தது. 1983-இல் சென்ற இன்சாட் 1-பி நிலைத்தது. ஆனால் 1984-இல், சில மாதங்கள் நாளுக்கொன்று என்னும் வேகத்தில், கோளிலிருந்து வாங்கித் தரும் சிறு கோபுரங்கள் நகரங்களிலும் பேரூர்களிலும் எழுந்தன. சாராபாயின் கலவைக் கணக்கில் கோபுரத்தின் பங்கு பெருத்தது. ஊர்ப் பொதுவிடத்துப் பெட்டியின் பங்கு சிறுத்தது. வயல் நிகழ்ச்சிகளைவிடத் தொடர்கதைகள் மிகுந்தன. கல்விக்கென்றே ஒரு கோள், எடுசாட், 2004 செப்டம்பரில்தான் சென்றது; அவர் மறைந்து ஏறத்தாழ முப்பத்துமூன்று ஆண்டு ஆகியிருந்தது.

தும்பாவில் அவர் நட்ட நிலையம் 1972 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தத் தேவாலயம் இன்று விண்வெளிக் காட்சிச்சாலை. திருவனந்தபுரம் செல்லும் நண்பர்கள் ஒரு நாளை ஒதுக்கி அதைப் பார்க்கலாம். வெளியே வந்தால் கடற்கரை. அங்கே மீனவர் இன்னும் வலை உலர்த்துகின்றனர்.